ஸ்டெல்லா சித்தி ஏன் போனாள்

மக்களே,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டு, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர முடியாது என்று சொன்னாய். பிரின்ஸியின் வீட்டார் எல்லோரும் பெங்களூருக்கு வெளியே ஒரு தீம் பார்க்கில் இரண்டு நாள் தங்கப் போகிறார்கள், உன்னையும் அழைத்திருக்கிறார்கள், கல்யாணம் நிச்சயமான பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ், மறுத்தால் நன்றாக இருக்காது என்றாய். "கொள்ளாம், போயிட்டு வா" என்றேன். அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். "பிரின்ஸியோட அம்மாவுக்கு ரோலர்கோஸ்டர்னா உயிராம்மா. என்னைப் பக்கத்துல உக்கார வச்சிட்டுதான் ஏறுவாங்களாம்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த மீன்குழம்பில் இரண்டாம் தடவையும் உப்பைப் போட்டேன். மத்தியானம் உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தண்ணீரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

எனக்குப் பொறாமை, மக்களே. வேறு பெயர் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. அந்த அம்மாளை நான் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். நல்ல மனுஷி. நிச்சயத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையனை எங்களுக்கும் கொஞ்சம் தாங்க" என்று சொன்னாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அன்றைக்கே எனக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. உனக்கு நான் எடுத்த நீலச் சட்டையை விட்டுவிட்டு அவள் எடுத்த சட்டையைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாய். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பேரப்பிள்ளையைப் பற்றி யோசிக்க வேண்டிய பிராயத்தில், ஒரு சட்டையோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பொறாமை எனக்குப் புதிது இல்லை. ஒரு தடவை அது ஒருத்தியின் வாழ்க்கையில் பாதியைத் தின்றிருக்கிறது. அவள் யாரென்று உனக்குத் தெரியும். அவள் ஏன் நம் வீட்டை விட்டுப் போனாள் என்பதுதான் உனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா என் கூடப்பிறந்தவள், எனக்கு ஒன்பது வயது இளையவள். நீ பிறந்து ஆறு மாதத்தில் என் லீவு முடிந்தது. அப்போது நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போர்டில், வெளியூர்ப் பேச்சுக்கு லைன் இணைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு வாரம் காலை ஆறு மணி டியூட்டி, மறு வாரம் சாயங்காலம், சில நாள் காலையில் பாதி, மாலையில் பாதி. உன் அப்பா ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திர மொத்தக்கடையில் விற்பனையில் நின்றார். காலையில் போனால் கடை அடைத்துத்தான் வருவார். உன்னைப் பார்க்க ஆளில்லை. மார்த்தாண்டத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஸ்டெல்லாவை நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். "ஒரு ஆறு மாசம் போரும். அவன் நடக்கத் தொடங்கட்டு" என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். அவள் எட்டு வருஷம் கரமனை வீட்டில் நம்மோடு இருந்தாள். இடையில் அவளுக்கு இரண்டு இடத்தில் வேலை வந்தது. கல்யாணப் பேச்சும் வந்தது. ஒவ்வொரு தடவையும் உனக்கு ஏதாவது வரும். அம்மை வரும், காய்ச்சல் வரும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரம் வரும். நான் கெஞ்சுவேன். அவள் இருந்துவிடுவாள்.

அவளை வேண்டும் என்றும் நான்தான் சொன்னேன்; அவளைக் கண்டு எரிந்தவளும் நான்தான். நீ முதலில் நடந்ததை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள். நான் டியூட்டி முடிந்து வந்து ஹெட்செட் அழுத்திய காதைத் தடவிக்கொண்டே உன்னைத் தூக்கினால், நீ என் தோளுக்கு மேலாக அவளைத் தேடுவாய். உனக்குத் தலை வாரினால், "சித்தி வாரினா நோவாது" என்பாய். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் படம் வரையச் சொன்னபோது அப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில் உன்னை வரைந்து, என்னைத் தாளின் ஓரத்தில் பஸ்ஸில் உட்கார வைத்திருந்தாய். உன் டீச்சர் மலையாளத்தில் "நல்ல சித்ரம்" என்று எழுதியிருந்தார். ஸ்டெல்லா அதைச் சுவரில் ஒட்டப் போனாள். நான் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, அதற்குப் பிறகு உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "உங்க மகன்" என்று சொல்லத் தொடங்கினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எதைச் செய்தாலும் எனக்குப் பிடித்திருக்காது.

உனக்கு எட்டு வயதான வருஷம். அதுவரைக்கும் ஒரு கிறிஸ்துமஸுக்கும் நான் வீட்டில் இருந்தது கிடையாது. ஊர்ப்பட்ட ஜனமும் கல்ஃபிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வீட்டுக்குப் பேசும் நாள் அது. போர்டில் விளக்கு அணையவே அணையாது. பிறகு ஆளே நேராக நம்பர் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. பூத் மூலைக்கு மூலை வந்தது, டிரங்க் கால் குறைந்தது, அந்த வருஷம் முதன்முதலாக எனக்குக் கிறிஸ்துமஸ் லீவு கிடைத்தது. அப்பாவுக்கு ஒரே உற்சாகம். எனக்கு ஆபீசில் கிடைக்கும் பயணச் சலுகையில் மெட்ராஸ் போகலாம், அங்கே புதிதாக ஒரு தீம் பார்க் திறந்திருக்கிறார்கள், கிறிஸ்துமஸை அங்கேயே கொண்டாடலாம் என்றார். சபையில் கேட்டவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நான் மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டிருந்தேன். அந்தச் சலுகை நம் மூன்று பேருக்குத்தான், ஸ்டெல்லாவுக்குக் கிடையாது. மூன்று நாள், நீ எனக்கு மட்டும். அவளும் சந்தோஷமாகத்தான் "நான் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவைப் பாத்துட்டு வாறேன்" என்றாள். நீ தரையில் உருண்டாய். "சித்தி வரல்லேன்னா நானும் வரல்ல." அப்பா அன்று சாயங்காலமே தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் அவளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் எழும்பூர் லாட்ஜில் நாம் நாலு பேரும் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நான் ஒரு வாரமாக உட்கார்ந்து செய்த முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் ஒரு டின் நிறைய இருந்தது. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று பார்க் வாசலில் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். உள்ளே பஞ்சை ஒட்டிய தாடியோடு சிவப்பு உடுப்பில் ஒரு ஆள் வியர்த்து வழிய மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். நீ அவரிடம் மலையாளத்தில் பேசினாய், அவர் முழித்தார். உனக்கு எல்லாவற்றிலும் ஏற வேண்டும். சிறுவர்களுக்கான ரோலர்கோஸ்டரில் ஒரு மணி நேரம் வரிசை. நம் முறை வந்தபோது, பிள்ளையோடு பெரியவர் ஒருத்தர் உட்கார வேண்டும், ஒரு இருக்கைக்கு இரண்டு பேர் என்றான் அங்கே நின்றவன். நான் செருப்பைக் கழற்றி முன்னால் வந்தேன். நீ ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தாய். "அம்மைக்குப் பேடி. சித்தி வரட்டு" என்றாய். அவள், "இல்ல மக்களே, அம்மா வரட்டு. நான் கீழ நிக்கேன்" என்றாள். நீ கையை விடவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். எனக்குப் பயமெல்லாம் கிடையாது, மக்களே. சின்னதில் நான் ஏறாத தென்னை இல்லை. உங்கள் இரண்டு பேர் செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு நான் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே போகும்போது நீ கத்தியது எனக்குக் கேட்டது. "சித்தீ" என்றுதான் கத்தினாய்.

இனிச் சொல்லப் போவதுதான் இத்தனை வருஷமாக என் தொண்டையில் நிற்பது. மத்தியானம் அலை அடிக்கும் குளத்தில் இறங்கினோம். அப்பா லாக்கரில் வைத்த கேமராவை எடுக்கப் போயிருந்தார். சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்க வேண்டும். நான் ஸ்டெல்லாவிடம், "நீ போய் டோக்கன் எடுத்துட்டு வா. அவன நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் போனாள். நானும் நீயும் மட்டும் முட்டளவுத் தண்ணீரில் நின்றோம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அலை வந்தபோது உன்னைத் தூக்கினேன். நீ சிரிக்கவில்லை. "சித்தி எப்ப வரும்?" என்று கேட்டாய். "வருவா" என்றேன். அடுத்த அலைக்கும் கேட்டாய். மூன்றாவது தடவையும் கேட்டாய். நாலாவது தடவை கேட்டபோது, "போ. போய் அவகூடவே இரு" என்று சொல்லி உன் கையை உதறினேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீரை மிதித்துக்கொண்டு கரைப்பக்கம் ஓடினாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. போகட்டும் என்று நின்றேன். நான் திரும்பியபோது ஆயிரம் தலை இருந்தது, உன் தலை இல்லை.

அரை மணி நேரம் உன்னைக் காணவில்லை. ஸ்டெல்லா டோக்கனோடு தனியாக வந்தாள். அப்பா கேமராவோடு வந்தார். "பிள்ளை எங்கே?" என்று இரண்டு பேரும் என்னைக் கேட்டார்கள். மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடினோம். ஸ்டெல்லா குளத்துக்குள் இறங்கி ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் அலுவலகத்தில் இருக்கிறான், பையனுடைய தாயார் ஸ்டெல்லா உடனே வரவும். பையனுடைய தாயார் ஸ்டெல்லா உடனே வரவும். இரண்டு தடவை. அங்கே போனதும் அங்கிருந்த ஆபீசர் எனக்கு விவரம் சொன்னார். யார் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உன்னைக் கேட்டார்களாம். நீ ஸ்டெல்லா என்றாயாம். அவர்களாகத்தான் தாயார் என்று சேர்த்துக்கொண்டார்களாம். அந்த நிமிஷத்திலேயே எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. நீ அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாய்.

அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு பாத்துட்டு இருந்தீங்க இவன?" என்று கேட்டார். நான் ஸ்டெல்லாவைக் காட்டினேன். "இவகிட்டதான் விட்டேன். டோக்கன் வாங்க ரெண்டடி போனதும், அவனையும் கூட்டிட்டுப் போன்னு பின்னாலருந்து சத்தம் போட்டுச் சொன்னேன். அவன் பின்னாலயே ஓடினான். இவ திரும்பிக்கூடப் பாக்கல்ல" என்றேன். ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். "அக்கா, நீ சொன்னியா?" என்றாள். "சொன்னேன். உனக்குக் காதுல விழல்லேன்னா நான் என்ன செய்ய?" என்றேன். நீ தலையைத் தூக்கி, "அம்மாதான்..." என்று தொடங்கினாய். "நீ சும்மா இரு" என்று அதட்டினேன். நீ சும்மா இருந்தாய். அன்றைக்கு முழுக்கச் சும்மா இருந்தாய். அப்பா ஸ்டெல்லாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ரயிலில் ஒரு வார்த்தை அவளிடம் பேசாமல் வந்தார். ஊர் வந்து நாலாம் நாள் அவள் தன் துணிகளை எடுத்து வைத்தாள். "அத்தான், நான் போறேன்" என்றாள். நான் தடுக்கவில்லை. எட்டு வருஷமாகத் தடுத்தவள் அன்றைக்குத் தடுக்கவில்லை. வாசலில் நின்று உன்னை முத்தமிடக் குனிந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நீ தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்: "சித்தி என்னாலயா போச்சு?" உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "பாடத்தப் படி" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. அவள் வாரத்துக்கு ஒரு தடவை நம் வீட்டுக்குப் போன் செய்வாள். நான் எடுத்தால், டியூஷன் போயிருக்கிறான், விளையாடப் போயிருக்கிறான், தூங்குகிறான் என்பேன். பெரும்பாலும் நீ பக்கத்து அறையில்தான் இருப்பாய். ஒரு வருஷத்தில் அந்தப் போனும் நின்றது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பார்த்துக்கொள்வோம், நலம் விசாரிப்போம். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டனாகச் சேர்ந்தாள், இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். உன்னை நான் முழுசாக ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீயோ அன்றிலிருந்து யாருக்கும் தொந்தரவில்லாத பிள்ளையாகிவிட்டாய். எதையும் கேட்க மாட்டாய், எதற்கும் அழ மாட்டாய். ஊரெல்லாம் என்ன நல்ல பிள்ளை என்றார்கள். எனக்கு மட்டும்தான் அது எங்கே தொடங்கியதென்று தெரியும்.

நீ போன் செய்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நான் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனேன். பிரின்ஸியின் அம்மா மேல் எனக்கு வந்த எரிச்சலை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அதே பழைய பொறாமை, அதே முகம். மறுபடியும் என்ன செய்யத் துணிவேனோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. ஹாஸ்டலில் பார்வையாளர் அறையில் உட்காரவைத்துச் சாயா கொடுத்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், முன்முடி நரைத்திருந்தது. உன் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பெண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று விசாரித்தாள். நான் சாயாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குளத்தில் நடந்தது, உன் கையை உதறியது, அவள் மேல் பழியைப் போட்டது, போனில் சொன்ன பொய். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அப்ப நீ சொல்லல்லியா அக்கா? அவனக் கூட்டிட்டுப் போன்னு நீ சொல்லவே இல்லியா?"

"சொல்லல்ல."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்த அலைச் சத்தத்துல எனக்குத்தான் கேக்காம போச்சுன்னு நெனச்சேன். யோசிச்சு யோசிச்சு, பிறகு நீ சொன்ன மாதிரியே ஞாபகம் வரத் தொடங்கிட்டு. உன் சத்தம்கூட ஞாபகம் இருக்கு அக்கா. அவன் என் பின்னால ஓடி வாறதுகூட எனக்கு ஞாபகம் இருக்கு. இங்க வருஷா வருஷம் பிள்ளைகள டூர் கொண்டு போகச் சொல்லுவாங்க. ஒரு தடவை போனதில்ல. எனக்குக் கவனம் போராதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்."

நான் அவள் கையைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள். "மன்னிச்சிரு ஸ்டெல்லா" என்றேன். "அத இப்ப கேக்காத" என்றாள். "அவன்கிட்ட சொன்னியா?" இல்லை என்றேன். "முதல்ல அவன்கிட்ட சொல்லு. போன்ல வேண்டாம், போன்ல நீ நல்லாப் பேசுவ. எழுது." எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். படி இறங்கும்போது பின்னாலிருந்து, "அவனுக்கு இப்பவும் தலை நடுவுல சுழில முடி நிக்குதா?" என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். அவ்வளவுதான்.

அன்றே அப்பாவிடமும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். "நானும் அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் அவர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தார், ஆனால் பேச்சு இன்னும் சரியாகவில்லை. நீயும் என்னோடு பேசாமல் இருக்கலாம். அதற்கு உனக்கு உரிமை உண்டு. ஒன்றை மட்டும் தெளிவாகப் படித்துக்கொள், அன்று பதில் சொல்லாத கேள்விக்கு இப்போது சொல்கிறேன்: அவள் உன்னால் போகவில்லை. என்னால் போனாள். எட்டு வயதுப் பிள்ளை அவளைத் தேடினதில் ஒரு தப்பும் இல்லை. உன் கையை விட்டது நான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை, ஒன்று இரண்டு சொல்லிவிடுகிறேன். உனக்கும் பொறாமை வரும், என் ரத்தம்தானே. பிரின்ஸி யாரிடமாவது உன்னிடம் சிரிப்பதைவிட அதிகமாகச் சிரிப்பாள். உன் பிள்ளை உன்னை விட்டு வேறொரு மடிக்குத் தாவும். அப்போது, எனக்கு எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. கேட்பவர்கள் சிரிப்பார்கள், நாலு நாள் கேலி செய்வார்கள். சாரமில்லை, போகட்டும். சொல்லாமல் வைத்திருந்தால் அது தன்பாட்டுக்கு ஒரு ஆளைத் தேடிப்பிடித்துத் தண்டிக்கும். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்காராமல் "எனக்கும் அவனோட ஏறணும் ஸ்டெல்லா" என்று சொல்லியிருந்தால், அவள் உன்னைத் தூக்கி என் மடியில் வைத்திருப்பாள். அவளுடைய குணம் அது. நான் சொல்லவில்லை. நீங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ போய்விட்டு வா. பிரின்ஸியின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஏறு, சத்தம் போட்டுச் சிரி. படம் எடுத்து அனுப்பு. எனக்கு எரியும், ஆனால் இந்தத் தடவை யாரையும் அதற்காகக் குற்றம் சொல்ல மாட்டேன். அது முடிந்து லீவில் ஊருக்கு வரும்போது நாகர்கோவில் வண்டியைப் பிடித்து நேராக மார்த்தாண்டம் போ. ஸ்டெல்லா உள்ளே கூப்பிட்டால் போ, ஹாஸ்டல் வாசலிலேயே நின்று பேசினால் நின்று பேசு, பேசவே மாட்டேன் என்றாலும் கொஞ்ச நேரம் அங்கே இரு. கல்யாணத்துக்கு அவளை நான் அழைக்கக் கூடாது, நீதான் அழைக்க வேண்டும். அவள் வந்தால் மேடையில் எந்த இடத்தில் நிற்பாள் என்பதை நீ முடிவு செய். அதன் பிறகு, மனசு இருந்தால், கரமனைக்கு வா. அங்கே நீ எத்தனை நாள் இருந்தாய், இங்கே எத்தனை நாள் இருக்கிறாய் என்று நான் எண்ணாமல் இருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எண்ணுவேன். அது என் பாடு. நீ போ.

உன் அம்மா